அட்டவணையில் இல்லாத கறுப்பு

எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த சோதனைக்குழாய்களில் பாதிக்கு வாய் உடைந்திருக்கும். மாஸ்டர் அவற்றை அரத்தால் ராவி, கையைக் கிழிக்காத அளவுக்கு மழுக்கி வைத்திருப்பார். ஆய்வுகூடம் என்று பேர்தான் பெரிது. தகரக் கூரை போட்ட ஒரு நீட்டு அறை, நடுவில் ஒரு மேசை, மூலையில் பூட்டுப் போட்ட அலுமாரி, அவ்வளவுதான். கிழமை நாட்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வாய்ப்பாடு கத்துவார்கள். சனிக்கிழமை மட்டும் அது எங்களுக்கு. கதவைத் திறந்ததும் கந்தகமும் ஸ்பிரிட்டும் ஈரச் சுண்ணாம்பும் கலந்து ஒரு வாடை வரும் பாருங்கள், இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால் நான் நடக்கிறதை நிறுத்திவிடுவேன்.

ஜன்னலில் கம்பி மட்டும்தான், கண்ணாடி கிடையாது. அட்டன் இலங்கையின் மலைநாட்டு ஊர், பத்து மணிக்கும் மூட்டம் கலையாது. அது தன்பாட்டுக்கு உள்ளே வந்து மேசைமேல் படுத்துக்கொள்ளும். அதற்குள்ளே ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடர் தெரியும், விளக்கு தெரியாது. முதல் நாள் மாஸ்டர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மயில்துத்தக் கட்டி ஒன்றைப் போட்டுவிட்டு, "ஒருத்தரும் தொடவேண்டாம். சும்மா பாத்துக்கொண்டு இருங்கோ" என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசுவதில் பாதி எங்களுக்குப் பாட்டுப் போலத்தான் இருக்கும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடியிலிருந்து ஒரு நீலம் எழுந்தது, நூல் நூலாகப் பிரிந்தது, யாரும் கலக்காமலே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. மற்றவர்கள் எப்போது எழுந்து போனார்கள் என்று எனக்குத் தெரியாது. "பிள்ளை, மணி அடிச்சிட்டுது" என்று மாஸ்டர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

அன்றையிலிருந்து பைத்தியம் பிடித்தது என்றால் பொய்யில்லை. எனக்குத் தெரிந்த சாமான்களுக்கெல்லாம் இன்னொரு பேர் இருந்திருக்கிறது, இத்தனை நாளாக ஒருவரும் சொல்லவில்லையே என்று ஒரு ஆங்காரம். அடுப்படியில் உப்புச் சட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு "சோடியங் குளோரைட்டு" என்று மெதுவாகக் கூப்பிடுவேன். அது திரும்பிப் பார்க்காதா என்று ஒரு நப்பாசை. அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"என்னாடி அது முணுமுணுங்குற? உப்புக்கு மந்திரிக்கிறியா?"

"அதோட பேரு வேறம்மா."

"என்னா பேரா இருந்தா என்னா, கொழம்புல போட்டுட்டு வா."

சுதந்திரம் வந்த வருஷம் நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். அப்படியானால் நான் சொல்கிறது அறுபதுகள் தொடங்கின காலம். வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்தில் ஒரு காம்பரா, அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, எல்லாம். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் பண்ணுகிற வேலை அது. அவர் வாயைத் திறந்தால் "அம்மா சொன்னா சரி" என்பதுதான் வரும். அம்மா கொழுந்து எடுக்கிறவள். எனக்குக் கீழே தம்பி தங்கைகள். வீட்டில் முடிவு சொல்கிறது அம்மா. அவள் பேச்சு நறுக்கென்று இருக்கும். எனக்கும் அதே வாய்தான் என்று லயமே சொல்லும், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

என்னை அம்மா படிக்க விட்டதற்குக் காரணம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற ஐயா. அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சிவப்புத் தண்ணியையும் வெள்ளைத் தண்ணியையும் ஒரு போத்தலில் ஊற்றிக் குலுக்கித் தருவதை அம்மா வரிசையில் நின்று பார்த்திருக்கிறாள். என் பாடத்திலும் அப்படித்தான் ஊற்றிக் குலுக்குகிறார்கள் என்று நான் சொன்னேன். அவ்வளவுதான், அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. "ரசாயனம் படிச்சா மருந்து கலக்குற வேலை கெடைக்கும்ல? அப்ப படி. மத்த பாடத்தையெல்லாம் படிச்சு என்னத்தக் கிழிக்கப்போற" என்றாள்.

ஆனால் அந்த வருஷம் மாஸ்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மருந்துச் சாமான்கள் போதாது, இத்தனை பேரை வைத்துக்கொண்டு அவரால் சமாளிக்க முடியாது. வைகாசியில் ஒரு செய்முறைச் சோதனை வைப்பார். அதில் தேறுகிறவர்களுக்குத்தான் இரசாயனம். மற்றவர்கள் வேறு வகுப்புக்குப் போய்ச் சரித்திரமும் குடியியலும் படிக்கலாம். அதைக் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்றாள் அம்மா. "கொழுந்து பொங்கி நிக்கிது. புதுசா ஆள் எடுக்குறாங்க. கணக்கப்புள்ளைகிட்ட உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். நீ பாஸாகிட்டா படி. பெயிலானா அடுத்த திங்கக்கெழம பெரட்டுல வந்து நில்லு. சரித்திரம் படிச்சு எந்த ராசாவுக்கு மகளாப் போகப்போற?"

பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி, பேர் கூப்பிட்டு, இன்னின்னார் இந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற இடம். அங்கே ஒரு தடவை பேர் பதிந்துவிட்டால் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் திரும்புகிறது கிடையாது. என்னோடு சின்ன வகுப்பில் இருந்த பெண்களெல்லாம் அப்படித்தான் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். நான் அன்று சாப்பிடவில்லை. அம்மா கெஞ்சவும் இல்லை. "வயித்தைக் காயப் போட்டா பாஸாகிடுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

காலை ரயிலில் வட்டவளையிலிருந்து அட்டனுக்குப் போவேன். அந்த ரயில் பயணம்தான் எனக்குப் படிக்கிற இடம், கனவு காண்கிற இடம், எல்லாம். மழைக் காலத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளை. அதற்குள்ளிருந்து திடீரென்று ஒரு மரம் வரும், ஒரு லயத்துக் கூரை வரும், குடை பிடித்த ஒரு ஆள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்பார், உடனே எல்லாம் இல்லாமல் போய்விடும். இதெல்லாம் கரைசலில் கிடக்கிறது, யாராவது சரியான துளியை விட்டால் வீழ்படிவாக இறங்கித் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். சக்கரத்துச் சத்தத்துக்கு, எது எத்தனை கை கோக்கும் என்கிற வலுவளவைச் சொல்லிக்கொண்டு போவேன். சோடியம் ஒன்று, கல்சியம் இரண்டு, அலுமினியம் மூன்று. இரும்பு மட்டும் ஒரு சமயம் இரண்டு என்கும், ஒரு சமயம் மூன்று என்கும். நிலையில்லாத அந்தப் பயலின்மேல் எனக்கு ஒரு கோபம். எதிரே உட்கார்ந்திருக்கிற மரக்கறி வியாபாரி என் உதடு அசைவதைப் பார்த்து, சாமி கும்பிடுகிற பிள்ளை என்று நினைத்து, காலை இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விடுவார்.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த பாயின் மகள். பெண் பிள்ளைகள் என்று அந்த வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு இரசாயனத்தில் பெரிய காதல் ஒன்றும் இல்லை, நிறங்கள் பிடிக்கும். செம்பு நீலமாக வந்தால், "இந்தக் கலர்ல வாப்பாகிட்ட ஒரு சாரி இருக்கு புள்ள" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, எந்த உலோகத்துக்கு என்ன நிறம் வரும் என்கிற அட்டவணையை மனப்பாடம் பண்ணினோம். எரிசோடாவை விட்டால் செம்புக்கு நீலம். அன்னபேதியில் இருக்கிற இரும்புக்கு அழுக்குப் பச்சை. மூன்று வலுவளவு இரும்புக்குச் செங்கபிலம். நாகம் என்கிற துத்தநாகத்துக்கு வெள்ளை, இன்னும் விட்டால் கரைந்துபோகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

சோதனை நாள் ஒரு சனிக்கிழமை. முதல் நாள் சாயந்தரம் அம்மா சொன்னாள், "காலையில மொதல் நிறுவை வரைக்கும் வந்து கைகொடுத்துட்டுப் போ. செடியெல்லாம் வெள்ளம் மாதிரி கெடக்கு, நான் ஒருத்தி எப்படி எடுக்குறது?" கொழுந்து நிறுக்கிற நேரம் வரைக்கும் எடுத்துவிட்டு, அப்படியே ஓடினால் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம், சோதனை பிந்தித்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலை அழகாகத்தான் இருந்தது. மூட்டம் இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. பக்கத்து நிரையில் நிற்கிற பெண்களின் குரல் கேட்கிறது, ஆளைக் காணோம். யாரோ சிரிக்கிறார்கள், யாரோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறார்கள், யாரோ தாலாட்டு மாதிரி எதையோ இழுக்கிறார்கள், எல்லாம் காற்றிலிருந்தே வருகிறது. என் கை தன்பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தது. நான் அங்கே இல்லை. நாகத்துக்கு வெள்ளை, இன்னும் விட்டால் கரையும் என்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சாறு பிசுபிசுத்து, நகத்துக்கடியில் இலைத் தூள் அடைத்துக்கொண்டு, விரல் பழுப்பேறியது. அதை யார் பார்க்கிறார்கள்? எல்லோருக்கும் அப்படித்தானே இருக்கும்.

நிறுவை முடிந்ததும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடினேன். வெள்ளைச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து லயத்துக் கோடியில் மாற்றிக்கொண்டு, மழைத் தண்ணியில் கையை ஒரு அலசு அலசிக்கொண்டு, ரயில் ஊதும்போது ஏறினேன். மூச்சு அட்டனில்தான் வந்தது.

மாஸ்டர் ஒவ்வொருத்தர் முன்னாலும் பேர் சொல்லாத உப்புக் கரைசல் ஒரு குழாயில் வைத்தார்; அதில் இருப்பது என்ன உலோகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். "ஒருத்தருக்கு ஒரு குழாய்தான். ஊத்திப் போட்டு அழுதுகொண்டு வரவேண்டாம், தாறதுக்கு என்னட்டை வேற இல்லை. மற்றது, கட்டைவிரலால வாயைப் பொத்திக் குலுக்கிறேல்லை. விளங்குதோ?" விளங்கியது என்று தலையாட்டினோம். தோழிக்கு வந்தது பார்த்த உடனேயே தெரிகிற நீலம். அவள் வாயெல்லாம் பல். எனக்கு வந்தது வெளிறின மஞ்சள், தேயிலைத் தண்ணியை ரொம்ப நீர்க்கப் போட்டால் வருகிற மாதிரி. அதன் அடியில் கொஞ்சம் கரையாமல் ஏதோ கிடந்தது. கரைந்தால்தானே சோதிக்கலாம். அந்த நேரத்தில் மாஸ்டர் சொன்னதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. போத்தலைக் கண்டால் வாயைப் பொத்திக் குலுக்குகிறது எங்கள் கைப்பழக்கம், மருந்துப் போத்தலையும் அப்படித்தான் குலுக்குவோம். கட்டைவிரலை வைத்து அழுத்திப் பொத்தினேன். நன்றாக, ஆசை தீரக் குலுக்கினேன்.

விரலை எடுத்தேன். கரைசல் கறுத்துக்கொண்டிருந்தது. முதலில் புகையாக, பிறகு சாம்பலாக, பிறகு குழாய் முழுக்க ஒரே கறுப்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் என் மஞ்சளைக் காணோம். மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

தோழி எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ்வே! என்ன புள்ள இது? என்னத்த ஊத்தின?"

"ஒண்ணும் ஊத்தல."

"என்னோடதுல பாதி தரட்டா?"

"உன்னோடது செம்பு. என்னோடது வேறயாச்சே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

எரிசோடாவை விட்டுப் பார்க்க இனி என்ன இருக்கிறது? எந்த நிறம் வந்தாலும் அந்தக் கறுப்புக்குள்ளே தெரியப்போவதில்லை. மாஸ்டரிடம் இன்னொன்று கிடையாது. அட்டவணையை மனதுக்குள் மேலிருந்து கீழே ஓட்டினேன், கீழிருந்து மேலே ஓட்டினேன். நீலம் இருக்கிறது, பச்சை இருக்கிறது, வெள்ளை இருக்கிறது. கறுப்பு என்று ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் ஈரத் தரையில் நிற்கிற என் காலை நானே பார்த்துவிட்டேன். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

அப்போதுதான் கட்டைவிரலைப் பார்த்தேன். அது நீலக் கறுப்பாக இருந்தது. விரல் முழுக்க இல்லை. கொழுந்தைக் கிள்ளும்போது காம்பு அழுந்துகிற இடம் மட்டும், நகத்தின் ஓரம் மட்டும். அந்த நிறத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே, எங்கே என்று மனம் அலைந்தது. மூட்டம் மேசைமேல் நகர்ந்துகொண்டிருந்தது, யாரோ விளக்கைப் பற்றவைத்தார்கள், எல்லாம் ரொம்பத் தூரத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. அப்பாவுடைய கத்தி! கவ்வாத்துக் காலத்தில் அவர் சாயந்தரம் கொண்டுவந்து சுவரில் செருகுகிற கத்தி அப்படித்தான் கறுத்திருக்கும், துடைத்தாலும் போகாது. பிறகு துருப்பிடித்த வாளி. அதில் யாரோ மீந்த தேத்தண்ணியை ஊற்றி வைத்து, அது மையாகிப்போய், அம்மா லயத்தையே இரண்டு பண்ணியிருக்கிறாள். தேயிலையும் இரும்பும் சேர்ந்தால் இந்த நிறம். என் விரலில் தேயிலை இருந்தது. அப்படியானால் குழாயில் இருந்தது இரும்பு. மஞ்சளாக இருந்ததால் அன்னபேதி இல்லை, மூன்று வலுவளவு இரும்பு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சத்தம் போட்டுச் சிரித்திருப்பேன், வாயைப் பொத்திக்கொண்டேன்.

தாளில் எழுதினேன். "கரைசல் கறுப்பாக மாறியது. என் விரலில் தேயிலைச் சாறு இருந்தது. இரும்பு தேயிலையைக் கறுப்பாக்கும். எனவே இது மூன்று வலுவளவு இரும்பின் பெரிக்கு உப்பு." அதற்குக் கீழே நிரப்ப வேண்டிய கட்டங்களெல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

மாஸ்டர் மேசையைச் சுற்றி வந்தவர் என் குழாய்க்கு முன்னால் நின்றுவிட்டார். "உது என்ன பிள்ளை?"

"இரும்பு, சேர்."

"இரும்புக்குக் கறுப்பு வாறேல்லை. செங்கபிலம் வரவேணும். அட்டவணையில கறுப்பு எண்டு ஒண்டு இருக்கோ?"

"இல்லிங்க சேர். காலையில கொழுந்து எடுத்தேன். கை சரியாக் கழுவல. விரல்ல இருந்த தேயிலை பட்டுத்தான் கருத்துப் போச்சு."

பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்த டவுன் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். சோதனையாவது ஒன்றாவது, திரும்பி நின்றுகொண்டு கேட்டேன். "என்னா சிரிப்பு? உங்க வீட்டுலயெல்லாம் தேத்தண்ணியே குடிக்கிறதில்லியா?" சிரிப்பு நின்றது. தோழி மட்டும் தாவணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

மாஸ்டர் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. குழாயை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, அடியில் சில துளி மஞ்சள் கரைசல் மட்டும் மிஞ்சிய ஒரு போத்தலை எடுத்து வந்தார். "கையைக் காட்டும் பாப்பம்." என் ஆள்காட்டி விரலில் ஒரு துளி விட்டார். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. தன் விரலில் ஒரு துளி விட்டார். அது மஞ்சளாகவே இருந்தது. இரண்டு விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடியக் காத்தால மலைக்குப் போயிட்டோ வாறீர்?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க சேர்."

"ம். பொத்திக் குலுக்கிறேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? முறை பிழை." தாளை எடுத்து மற்றத் தாள்களோடு வைத்தார். "திங்கக்கிழமைதான் சொல்லுவன். எல்லாரும் போங்கோ."

"சேர், இன்னிக்கே சொல்லிருங்க சேர்" என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். திங்கட்கிழமை அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் பெரட்டு முடிந்திருக்கும். அதை எப்படி அவருக்கு விளங்கப்படுத்துகிறது? அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் கால் வைத்ததும், "பாஸா பெயிலா?" என்றாள். தெரியாது என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். குழாய் கறுத்ததை, விரலைப் பார்த்ததை, கத்தியை நினைத்ததை, இரும்பு என்று எழுதினதை, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே மறுபடியும் சந்தோஷம் வந்துவிட்டது. அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இரும்பு பட்டா தேயிலை கருக்கும். இது இந்த லயத்துல எல்லாருக்கும் தெரியுமேடி. இதுக்கா ரயிலேறி அட்டனுக்குப் போற?"

என் சந்தோஷமெல்லாம் புஸ்ஸென்று போய்விட்டது. "தெரியும்ல? இத்தனை வருஷமாத் தெரியும்ல? ஏன் கருக்குதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?" என்று கத்தினேன். அம்மாவை அப்படிக் கத்தக் கூடாதுதான். கத்திவிட்டேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அடிக்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்ட கேக்குறது?" என்றாள்.

பிறகு ஊதுகுழலை எடுத்துக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து லயத்து வாசலில் நின்று அழுதேன். எதற்கு அழுகிறேன் என்றே தெரியவில்லை, பரீட்சைக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் துணி துவைக்கும்போது நான் கட்டைவிரலைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு மங்கியிருந்தது, போகவில்லை. அம்மா பக்கத்தில் வந்து என் கையை இழுத்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எரியுதா?" என்றாள். இல்லை என்றேன். "தேய்க்காத, தோலு போயிரும்" என்று விட்டுவிட்டு, துணியைப் பிழியப் போனாள்.

திங்கட்கிழமை விடிகிறபோது பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்புச் சத்தம் கேட்டது. நான் எந்த உடுப்பைப் போடுகிறது என்று தெரியாமல் நின்றேன். "வெள்ளையைப் போடு, ரயிலுக்கு நேரமாகுது" என்றாள் அம்மா. கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். நானும் கேட்கப் பயந்துகொண்டு பின்னாலேயே நடந்தேன். ரயிலடிக்குப் போகிற பாதை பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போகிறது. மூட்டத்துக்குள் கூடைகளும் கம்பளிகளுமாக ஆட்கள் நின்றார்கள். கணக்கப்பிள்ளை ஐயா பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய பேரெல்லாம் முடிந்து புதுப் பேர் வந்தது. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ என் பேர். எல்லோரும் என் வெள்ளைச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா முன்னால் போனாள். "அந்தப் பேரை வெட்டிருங்கய்யா."

"என்னாது? நீதான போன வாரம் வந்து சொன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்ப வேணாங்க. அவ படிக்கட்டும்."

"இப்ப வெட்டினா பொறகு வந்து என் முன்னால நிக்கக் கூடாது. ஆள் கொறைவுன்னாலும் எடுக்க மாட்டேன், தெரிஞ்சுக்க. படிச்சு என்னா பண்ணப்போறா?"

அம்மா கொஞ்சம் தடுமாறினாள். மருந்து கலக்குவாள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "அவளுக்கு இரும்பு கண்டுபிடிக்கத் தெரியுமுங்க" என்றாள்.

"இரும்பா? ஸ்டோருக்குப் பின்னால குவியலாக் கெடக்கே, அதைக் கண்டுபிடிக்க ஒரு பொம்பளப் புள்ள வேணுமா?" என்றார் கணக்கப்பிள்ளை. களமே சிரித்தது. அப்பாகூட ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அம்மா அசையவில்லை. சிரிப்பு அடங்கும் வரைக்கும் கூடைக் கயிற்றைத் தலையில் சரிபண்ணிக்கொண்டு நின்றாள். "சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா வெட்டுங்கய்யா. புள்ளைக்கு ரயிலு போயிரும்" என்றாள்.

அவர் பென்சிலை எடுத்து ஒரு கோடு இழுத்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னாடி வேடிக்கை பாக்குற, ஓடு" என்றாள். நான் ஓடினேன். பாதி வழி ஓடின பிறகுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. மாஸ்டர் தாளில் என்ன போட்டிருக்கிறார் என்று எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பெயில் என்றால் வகுப்பும் இல்லை, மலையில் பேரும் இல்லை. அன்றைக்கு ரயிலில் வலுவளவு ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மாஸ்டர் தாளைத் திருப்பித் தந்தார். "முறை பிழை" என்று சிவப்பு மையில் எழுதி, அதற்குக் கீழே, "அவதானம் நன்று. வகுப்பில் இருக்கலாம்" என்று எழுதியிருந்தார். தோழி என்னைக் கட்டிப்பிடித்து என் சட்டையெல்லாம் கசக்கிவிட்டாள்.

சாயந்தரம் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தேன். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, தலைத் துணியைக்கூட அவிழ்க்காமல் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கேட்பாள் கேட்பாள் என்று வாசலிலேயே நின்றேன். கேட்கிற வழியாக இல்லை.

"பாஸும்மா" என்றேன் நானே.

"அதான் காலையிலேயே பேரை வெட்டிட்டேனே" என்று சொல்லிவிட்டு, அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.